எந்த நைஸ்?

1999 ஜூலை 12, திங்கள்

காலையிலிருந்தே மூட்டம். தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்ட முடியவில்லை. இவருக்கு அதனால் கோபம், என் மேல்.

பதினொரு மணிக்குத் தபால். மகள் சுகந்தியிடமிருந்து, பெங்களூரிலிருந்து. கல்யாணமாகி நாலு மாதத்தில் இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டிலும் ஓரம் வரைக்கும் எழுதியிருந்தாள், ஒட்டுகிற மடிப்பில்கூட. இதில் பாதி வெள்ளை.

"இங்கே வீடு நைஸ். அத்தை நைஸ். அவரும் நைஸ். நானும் நைஸாகத்தான் இருக்கிறேன். ஆடிக்கு அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் அழைக்க வர வேண்டாம்."

இவர் படித்துவிட்டுச் சிரித்தார். "பி.காம். படிச்ச பொண்ணு, இங்கிலீஷ்ல எழுதிகினு கீறா. உனக்கு இன்னா?"

நானும் சிரித்தேன். அடுப்படிக்கு வந்து மறுபடி படித்தேன்.

எங்கள் வீட்டில் நைஸ் என்றால் நல்லது இல்லை. சுகந்திக்கு அப்போது ஐந்து வயது. தறி பக்கத்தில் உட்கார்ந்து பாவைத் தடவிக்கொண்டிருப்பாள். "இந்த இழை நைஞ்சி போச்சி" என்று இவர் சொன்னதை "நைஸ் போச்சி" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து நைந்து கிழியப் போகிற துண்டு, தேய்ந்த செருப்பு, ஜுரத்தில் கிடந்த நான், எல்லாமே இந்த வீட்டில் 'நைஸ் ஆயிடுச்சி'தான். பள்ளிக்கூடத்தில் சரியான அர்த்தம் தெரிந்த பிறகும் அவள் விடவில்லை.

கடிதத்தை அவள் யார் கையில் கொடுத்துத் தபாலில் போட்டாளோ. ஒட்டுமுன் யார் படித்தார்களோ.

எந்த நைஸ்?

ஜூலை 13, செவ்வாய்

வெயில். பாவு நீட்டினார்கள். எனக்குத் தலைவலி.

நைஸ் எங்கெல்லாம் வருகிறது என்று எண்ணிப் பார்த்தேன்:
சட்னி நைஸா அரைக்கணும்.
பட்டு நைஸா இருக்கு (கடைக்காரர் சொன்னால் புகழ்ச்சி, இவர் சொன்னால் திட்டு).
பூனை நைஸா வந்து பாலைக் குடித்துவிட்டுப் போய்விட்டது.
"என்னை நைஸ் பண்ணாத", இது இவர், நான் காபி கொண்டுபோனால்.

ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனை பிழைப்பு!

சாயங்காலம் எதிர்வீட்டு லோகநாதன் சாரிடம் போனேன். ரிடையரான இங்கிலீஷ் வாத்தியார். காரணம் சொல்லவில்லை. தலையணை கனத்தில் ஒரு டிக்ஷனரியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு ஒரே குஷி.

"இது லத்தீன்லருந்து வந்ததும்மா. அங்க 'ஒண்ணும் தெரியாதவன்'னு அர்த்தம். இங்கிலீஷ்ல மொதல்ல 'முட்டாள்'. அப்புறம் 'எதுக்கெடுத்தாலும் நொட்டை சொல்றவன்'. அப்புறம் 'மெலிசு, நுணுக்கம்'. கடைசியிலதான் 'நல்லது' ஆச்சு."

"எவ்ளோ நாள்ல சார் மாறிச்சி?"

"நாலஞ்சு நூறு வருஷம் ஆவும்."

கெட்ட வார்த்தை நல்லதாக ஐந்நூறு வருஷம். நல்ல வார்த்தை கெட்டதாக நாலு மாதம் போதாதா? அவர் சொன்ன ஒவ்வொரு அர்த்தத்துக்கும் ஒரு ஆளை நிறுத்திப் பார்த்தேன். ஒன்றும் தெரியாதவள், என் பெண். நொட்டை சொல்கிறவள், சம்பந்தி அம்மா. முட்டாள், நான்தான். பெங்களூர் மாப்பிள்ளை, சொந்த வீடு என்று குதித்தேனே.

ஜூலை 14, புதன்

எஸ்.டி.டி. பூத். இரண்டு முறை.

காலை பத்துக்கு சம்பந்தி அம்மா எடுத்தார். "சுகந்தி குளிக்கறா."
பன்னிரண்டுக்கும் அவரே. "தூங்கறா."

நடுப்பகலில் தூங்குகிற பெண்ணா அவள்? உடம்புக்கு முடியவில்லையா? அடிக்கிறார்களா? சோறாவது போடுகிறார்களா? இந்த மூன்றையும் எழுதிவிட்டேன். மனதிலேயே வைத்திருந்தால் இன்னும் பயமாக இருக்கிறது.

இவரிடம் சொன்னேன். தறியை நிறுத்தவே இல்லை. "சும்மா பேஜார் பண்ணாத. வராதன்னு எழுதினப்புறம் போய் வாசல்ல நின்னா பொண்ணுக்குத்தான் கெட்ட பேரு."

சொல்வது நியாயம்தான். அதுதான் எரிச்சல்.

ரசத்தில் இரண்டு தரம் உப்பு.

ஜூலை 15, வியாழன்

தூறல். மறுபடியும் பூத். இன்றைக்கு சுகந்தியே எடுத்தாள்.

"எப்படிமா கீற?"
"நல்லா இருக்கேன்மா."

இருக்கேன். பிறந்ததிலிருந்து 'கீறேன்' என்றவள். பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. பின்னால் டி.வி. சத்தம், திடீரென்று நின்றது.

சிரித்த மாதிரி கேட்டேன். "லெட்டர் வந்திச்சி. எல்லாம் நைஸ்னு எழுதினியே. அது கடை நைஸா, நம்ம வீட்டு நைஸா?"

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நம்ம வீடுதாம்மா."

பிறகு வேகமாக, "வெச்சிடறேன், அடுப்புல பால் இருக்கு."

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை. குடையை பூத்திலேயே விட்டுவிட்டேன். இவர் தறியில். நான் கேட்டதையும் அவள் சொன்னதையும் மட்டும் சொன்னேன். அழக்கூடாது என்று இருந்தேன், முடியவில்லை.

தறி நின்றது. பாவில் கை வைத்தபடியே இருந்தார். இழை நைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும் என்பார்.

"அவ வாயாலயே சொன்னாளா?"
"ஆமாங்க."
"வேலூர் பஸ் எத்தினி மணிக்கு?"

ஜூலை 16, வெள்ளி

மழை இல்லை. முதல் பஸ். வேலூரில் மாறணும்.

பையில்: வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், பழம், சம்பந்தி அம்மாவுக்கு ஒரு புடவை, மாப்பிள்ளைக்கு வேட்டி. சுகந்தியின் டிகிரி சர்ட்டிபிகேட் இங்கேயே இருக்கிறதா என்று பார்த்தேன். பீரோவில் இருக்கிறது. அவளுக்குப் பிறகு வேண்டியிருக்கும்.

இவருக்குச் சட்டைப் பொத்தான் மாட்ட வரவில்லை. நான்தான் மாட்டிவிட்டேன். அங்கே போய்க் கத்தக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். கத்தினால் அவளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

நாளைக்கு ஆடி பிறக்கிறது. முறைப்படி அழைக்க வந்தோம் என்று மட்டும் சொல்லணும். சிரித்துக்கொண்டே சொல்லணும். பழத்தட்டை நீட்டணும். அவளைக் கூட்டிக்கொண்டு படி இறங்கணும்.

நைஸா.