எர்த்துக் குழிக்குத் தண்ணீர்

வியாழக்கிழமை, இரவு

படுத்தும் தூக்கம் வரவில்லை. கடையில் வேலை செய்யும் செல்வியின் முகம்தான் வந்து நிற்கிறது.

ஒரு மாதமாகக் கடையில் ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் பாதி வேலையில் நின்றுவிடுகிறது. வினைல் ஷீட் ரோலை இழுத்தாலே கையில் சுரீரென்று ஷாக் அடிக்கிறது. ரோலை மாட்டுவது செல்வி என்பதால் பழியையும் அவள்மேல் போட்டேன். நேற்று ஸ்கூல் வேன்காரர் ஸ்டிக்கருக்காகக் காத்திருந்தார். அவர் முன்னாலேயே, "நீ தொட்டாதான் நிக்குது, தள்ளி நில்லுடி" என்று கத்திவிட்டேன். இன்று முழுக்க அவள் மெஷின் பக்கமே வரவில்லை.

சாயங்காலம் எலக்ட்ரீஷியன் வந்தார். மெஷினைத் திறக்காமல் நேராகக் கடைக்குப் பின்னால் போய் எர்த்துக் குழியைப் பார்த்தார்.

"இன்னாம்மா, குழி இப்படிக் காஞ்சி கெடக்குது? ஈரம் இல்லாட்டி ஷீட்டு உரசி வர்ற கரண்ட்டு எப்பிடி மண்ணுல எறங்கும்? தினம் தண்ணி ஊத்துங்க."

இரண்டு குடம் ஊற்றினோம். வேன் ஸ்டிக்கர் ஒரு தடவைகூட நிற்காமல் வெட்டி முடிந்தது.

தினமும் ஊற்றிக்கொண்டுதான் இருந்தாள் செல்வி. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி அந்தக் குழியில்தான் கொட்டுவாள். சேறாகிறது, கொசு வருகிறது என்று போன மாதம் தடுத்தவள் நான்.

எலக்ட்ரீஷியன் சொன்னதை அவளும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அவர் போனதும் டப்பா கழுவிய தண்ணீரோடு குழியருகே வந்து, "இங்க ஊத்தலாமாக்கா?" என்று கேட்டாள்.

தலையை மட்டும் ஆட்டினேன். திட்டும்போது கடைவீதிக்கே கேட்கிற குரல், அப்போது எங்கே போயிற்று?