மாவு மூட்டையும் ஐந்தாவது படுக்கையும்

லிங்கன்,
6 மே 1974

அன்புள்ள அத்தானுக்கு, தேவ சமாதானம் உண்டாகட்டும்.

சனிக்கிழமை படகில் இருந்தவர்கள்: நீங்கள், நான், என் கணவரான உங்கள் தம்பி ஹோல்கெர், எங்கள் மகள் மாரென், மகன் எய்லிஃப். வெளியார் எவரும் இல்லை. அங்கே பேசியது இந்த ஐவரோடு நிற்கும் என்பதற்காக இதை முதலில் எழுதுகிறேன்.

நீங்கள் சரிபார்த்துக் கொடுத்த திசைகாட்டி வெள்ளோட்டத்தில் கோணலாகக் காட்டியது உண்மை. அதற்காக, "கண்ணாடிய மாத்துண்ணே, இல்லன்னா வீட்லயே கெட" என்று பிள்ளைகள் எதிரில் உங்கள் தம்பி சொன்னது தவறு. நீங்கள் மறுபேச்சில்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு ஹம்மர்ஃபெஸ்ட் பஸ் ஏறியதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

வடகடலின் பனித்தீவான ஸ்பிட்ஸ்பெர்கனில் குளிர்காலம் முழுக்கத் தங்கித் திரும்ப வேண்டிய பயணம். பனிக்கட்டிக்கு நடுவே படகு ஓட்டியவர் நம்மில் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் வராவிட்டால் நானும் பிள்ளைகளும் ஏறமாட்டோம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். "அப்ப அண்ணன் படுக்கையில மாவு மூட்டைய அடுக்கு, எடமாவது மிச்சமாகும்" என்றார்.

அடுக்கவில்லை.

உருளைக்கிழங்கும் கருவாடும் ஏற்றியாகிவிட்டது. கம்பளி உள்ளாடைகள் காய்கின்றன. ஒருமுறை வந்து திசைகாட்டி ஊசியைப் பாருங்கள்.

அன்புடன்,
போர்கில்ட்

*

ஹம்மர்ஃபெஸ்ட்,
11 மே

போர்கில்டுக்கு, தேவ சமாதானம்.

நான் சரிபார்த்தது சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு பக்கத்தில் இரும்பு ஏதாவது வந்திருக்கும். வடக்கே போகப் போக ஊசிக்குப் பிடிமானம் குறையும். கிட்டத்தில் உள்ள இரும்பு இன்னும் சுலபமாக இழுக்கும். மூடுபனியில் அதை நம்பினால் பாறையில் போய் ஏறுவீர்கள். தேடிப் பார்.

நான் வருவதற்கில்லை. ஐம்பத்தெட்டு வயதில் தம்பி வாயால் கேட்டது போதும்.

அஸ்லாக்

*

லிங்கன்,
20 மே

அன்புள்ள அத்தானுக்கு, தேவ சமாதானம்.

தேடினேன். நான் அடுக்கிய உணவு டின்களெல்லாம் முன்பக்க அறையில், வைத்த இடத்திலேயே இருந்தன. திசைகாட்டிக்குக் கீழே, பலகைக்குப் பின்னால், நான் வைக்காத ஒரு பொட்டலம். பிரித்தால் வாஃபிள் அப்பம் சுடும் என் அச்சு. கனமான வார்ப்பிரும்பு, பாரம் என்று நான் வீட்டிலேயே விட்டுவரச் சொன்னது.

"இது எப்படி இங்க வந்துச்சு?" என்றேன்.

உங்கள் தம்பி காதைச் சொறிந்தார். "கிறிஸ்துமஸுக்கு ஐஸுக்கு நடுவுல வாஃபிள் சுட்டு உன்னை அசத்தலாம்னு ஒளிச்சு வெச்சேன்."

"நல்லா அசத்திட்டீங்கப்பா. பெரியப்பாவ பஸ்ஸே ஏத்திட்டீங்க" என்றாள் மாரென்.

அச்சை எடுத்ததும் ஊசி நீங்கள் நிறுத்திய இடத்துக்கே வந்து நின்றது.

நேற்று ஜெப வீட்டில், பயணம் போகிறவர்கள் முன்னால் வந்து சபையாரிடம் மன்னிப்புக் கேட்கும் நேரத்தில், உங்கள் தம்பி மட்டும் எழவில்லை. வெளியே வந்து ஏன் என்று கேட்டேன்.

"மொதல்ல கேக்க வேண்டிய ஆள் அங்க இல்லையே, போர்கில்ட். அவருகிட்ட கேக்காம மத்தவங்ககிட்ட கேட்டு என்ன?"

"எழுதுங்களேன்."

"இதெல்லாம் எழுதுற சமாச்சாரமா? கையப் புடிச்சுத்தான் கேக்கணும். கதவத் தொறப்பாரா, அத மட்டும் கேளு."

அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். நீங்கள் சரி என்றால் அடுத்த கப்பலிலேயே புறப்படுவார். மன்னிப்பது உங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவில். நான் அதில் தலையிடவில்லை.

மாவு மூட்டைகள் இன்னும் வீட்டுக் கூடத்தில் கிடக்கின்றன. உங்கள் படுக்கையைத் தவிர அவற்றுக்குப் படகில் இடமில்லை. அதில் விரிப்பை விரித்து வைத்திருக்கிறேன். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

போர்கில்ட்