வண்டிக்காரனுக்கு டீ வேண்டாம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? என்னோடு போனில் பேச மறுக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

நல்லம்பள்ளியில் நம் வாசலை ஒட்டிப் போகும் அதே நெடுஞ்சாலையைத்தான் இங்கே நாக்பூர் ஓரத்தில் அகலப்படுத்துகிறோம். நேற்று என் பொக்லைன் இடிக்க வேண்டிய வீட்டில், வீட்டுக்கார அம்மாள் வாசல் தெளித்துவிட்டு எனக்கு டீ கொண்டுவந்தார். குடித்தேன். பிறகு இடித்தேன். அவ்வளவுதான், கவலைப்படாதீர்கள்.

கேழ்வரகு மாவு கொஞ்சம் அம்மாவை அனுப்பச் சொல்லுங்கள். இங்கே கிடைப்பதில்லை.

நம் வாசலிலும் சர்வே கல் நட்டுவிட்டார்களாம். "எவன் வந்தாலும் வண்டிய உள்ள உட மாட்டேன்னு நிக்கறாருடா" என்று அம்மா போனில் அழுதாள். சூப்பர்வைசர் கூப்பிடுகிறார், முடிக்கிறேன். வாசலுக்கு வந்தவனுக்கு டீ கொடுக்காமல் நீங்கள் அனுப்பியதில்லை. நம் வீட்டை இடிக்க வரும் வண்டிக்காரனைத் திட்டுங்கள் அப்பா. டீ மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் மகன்,
கதிரவன்