கத்தரிக்கோல் ஏன் மெதுவாக ஆடியது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. எனக்கு முட்டிவலி தவிரக் குறையில்லை, அப்பாவுக்கு அதுவும் இல்லை, நீ சுகமாக இருந்தால் அதுவே போதும்.

போன ஞாயிறு நீ அப்பாவிடம் நாற்பது நிமிடம் பேசினாய். என் கைக்கடிகாரக் கணக்கு. கூடத்துக் கடிகாரம்தான் நாளுக்குப் பத்து நிமிடம் பின்தங்குகிறதே. பேச்சும் அதன் பெண்டுலம் பற்றித்தான். எதை மாற்றினால் வேகமாக ஆடும், நீங்களே கண்டுபிடிங்கப்பா என்று அவருக்குப் புதிர் போட்டாய், என்னிடம் மட்டும் சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியா என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாய். பொறாமைதான், மறைக்கவில்லை. உன் அப்பா, கனம் கூடினா வேகமா ஆடும், உனக்கெதுக்கு இதெல்லாம், நீ ப்ளவுஸைத் தை என்று சொல்லிப் பெண்டுலத்தின் குண்டுக்கு அடியில் ஒரு இரும்பு வளையத்தைத் தொங்கவிட்டார். மறுநாள் இன்னும் பின்தங்கியது.

செவ்வாய்க்கிழமை அவர் வெளியே போனதும் தையல் மிஷினுக்கு மேலே இருக்கும் ஆணியில் நூல் கட்டி முதலில் நூல் சுற்றுகிற குட்டிப் பாபின், பிறகு பெரிய கத்தரிக்கோல் தொங்கவிட்டேன். இரண்டுக்கும் ஆணியிலிருந்து முடிச்சு வரை பதினாறு அங்குலம். போய்த் திரும்பினால் ஒன்று என்று இருபது எண்ணினேன். பாபினுக்கு இருபத்தாறு விநாடி, கத்தரிக்கோலுக்கு முப்பது. அப்போது உள்ளே வந்தவர், விஞ்ஞானி மேடம், அப்போ கனம்னா மெதுவா ஆடுமா என்று சிரித்தார். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அப்புறம்தான் உறைத்தது, துணியை அளக்கிற பழக்கத்தில் நூல் முடிகிற இடத்தோடு டேப்பை நிறுத்திவிட்டேன், கத்தரிக்கோலின் கனம் அதற்கும் கீழே நடுவில் அல்லவா இருக்கிறது. நூலைச் சுருக்கி, கனத்தின் நடு வரை இரண்டுக்கும் ஒரே அளவாக வைத்தேன். அதே இருபத்தாறு. கொஞ்சம் கூட்டித் தள்ளினாலும் குறைத்துத் தள்ளினாலும் அதேதான். நீளம் ஒன்றுதான் விஷயம். கனத்தின் நடுவைக் கீழே இழுத்திருந்த வளையத்தை அவிழ்த்தேன், குண்டின் அடியில் இருக்கிற திருகை நாலு சுற்று சுற்றிக் குண்டை மேலே ஏற்றினேன். மூன்று நாளாகக் கடிகாரம் நிமிடம் பிசகவில்லை. அவரோ, நான் கட்டினதை அவிழ்த்ததுக்கு இவ்வளவு பெருமையா என்கிறார், ஞாயிறன்று விடையைத் தன்னுடையதாக உன்னிடம் சொல்ல இப்போதே தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கிறார்.

அதற்குள் உனக்குக் கிடைக்கட்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன். நீளம்தான் என்று அவர் சொன்னால், எதுவரை அளக்கணும்பா என்று மட்டும் கேள். முழிப்பார். உடனே போனை என்னிடம் கொடுக்கச் சொல். ஈரத் தலையோடு குளிரில் வெளியே போகாதே. எந்தக் குறையுமில்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். நான் சாப்பிட்டாயிற்று, மாத்திரையும் போட்டாயிற்று, ஞாயிறன்று வேறு ஏதாவது கேள்.

உன் புதிருக்காகக் காத்திருக்கும்
அம்மா