முட்டியை எந்தப் பக்கம் திறப்பது

5-2-79, திங்கள்

காலையில் பனி. திருவள்ளூர் ஸ்டேஷனில் எதிர் பிளாட்பாரம் தெரியவில்லை. ரயிலில் ஏற வலது காலைக் கையால் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கு லீவு. பத்தாம் வகுப்புக்கு வட்டங்கள் பாடம் நடத்தப் பாக்கி.

சென்னை ஆஸ்பத்திரி. பெரிய டாக்டரும் சின்ன டாக்டரும் ஒரே எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டு இரண்டு விதமாகப் பேசினார்கள். மூட்டு தேய்ந்து, முட்டி உள்ளே சாய்ந்து, பாதம் வெளியே போகிறது. எலும்பை வெட்டி நிமிர்த்தும் கட்டம் தாண்டிவிட்டதாம். உலோக மூட்டுதான். அதுவரை ஒரே பேச்சு. எந்தப் பக்கம் திறப்பது என்பதில்தான் தகராறு.

பெரியவர்: உள்பக்கம். கை பழகிய வழி.

சின்னவர்: வெளிப்பக்கம். இறுகிக் கிடப்பது அங்கேதான், நேராகப் போய்த் தளர்த்தலாம். உள்பக்கம் ஏற்கெனவே தொய்ந்தது, அதை ஏன் தொடவேண்டும்? ஆனால் இந்த வழியில் பழக்கம் குறைவு.

எப்படித் திறந்தாலும் ஒரு ஆபத்து. காலை நிமிர்த்தும்போது பாதத்தைத் தூக்கும் நரம்பு இழுபடலாம். இழுபட்டால் பாதம் தொங்கிவிடும். வகுப்பில் நிற்பது போச்சு.

கோணல் பத்து டிகிரிதான், உள்பக்கம் போதும் என்று பெரியவர் முடித்தார்.

பத்துதானா?

7-2, புதன்

அந்தப் பத்து உறுத்துகிறது. வீட்டுக்காரர் காக்களூர் பட்டறையிலிருந்து வந்ததும் சொன்னேன். மெஷினைக் கோணாமல் நிறுத்திப் பொருத்தும்போது பிடிக்கிற நூலை எடுத்துவந்து இடுப்பிலிருந்து கணுக்கால் வரை பிடித்தார். முட்டி நூலுக்கு உள்ளே இரண்டு விரல்.

"இன்னா டீச்சரம்மா, வெயிட்டு பூரா அந்தக் கால்ல வச்சிக்கினு, இத சும்மா தொட்டுக்கினு நிக்கறே?"

வலது காலில் நின்றேன். நான்கு விரல். பள்ளிப் பாகைமானியில் இருபத்தொன்று.

எக்ஸ்ரே அன்றும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படித்தான் நின்றிருக்கிறேன். ஆறு வருஷமாகக் கரும்பலகை முன்னால் நிற்கிற நிலை. பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாதென்று பழகியது. டாக்டருக்கும் தெரியாமல் போய்விட்டது.

9-2, வெள்ளி

ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக: புடவை 3, ஃபிளாஸ்க், சோப்பு, திருத்தாத விடைத்தாள் கட்டு, பாகைமானி.

அவ்வளவு பெரிய டாக்டரிடம் உங்கள் கணக்கு தப்பு என்று எப்படிச் சொல்வது? வீட்டுக்காரரைக் கேட்டேன். "அவுரு கணக்கு தப்புன்னு யாரு சொன்னது? நீ நின்னது தப்பு, அதச் சொல்லு" என்றார். சரிதான்.

ரசத்தில் உப்பு இரண்டு தடவை போட்டிருக்கிறேன். இருவருமே குடித்தோம்.

12-2, திங்கள்

அட்மிஷன். சன்னல் பக்கத்துக் கட்டில்.

சொல்லிவிட்டேன். நின்ற விதம், ஆறு வருஷம், நூல், எல்லாம். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமோ என்று பார்த்தேன். வீல் சேர் கொண்டுவரச் சொன்னார், அவ்வளவுதான்.

மறுபடி எக்ஸ்ரே. கம்பியில் விரல் நுனி மட்டும், பாரம் முழுக்க வலதில். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இருபத்திரண்டு டிகிரி. என் அளவுக்கு ஒன்றுதான் வித்தியாசம். கொஞ்சம் கர்வம்தான்.

பெரியவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு சின்னவரிடம், "வெளிப்பக்கம். நீங்க திறங்க, நான் எதிர்ல நிக்கறேன்."

வார்டு ஆயா பொன்னேரிக்காரி. எல்லாம் கேட்டிருக்கிறாள். "அளவு குடுத்துட்டுப் படுக்கற மொத ஆளு நீதாம்மா. ஜாக்கெட்டு தைக்கவா வந்தே?" வயிறு வலிக்கச் சிரித்தேன்.

13-2, செவ்வாய்

நாளை ஆபரேஷன், முதல் கேஸ் நான்தான். இனிமேல் தரையில் சம்மணம் போட முடியாது. போகட்டும். வகுப்பில் நான் உட்கார்ந்ததே இல்லை.

விடைத்தாள் 14 திருத்தினேன். ஒரு பெண் வட்டத்துக்கு மூலை வரைந்திருக்கிறாள். அரை மார்க் போட்டேன்.

பயம் இருக்கிறது, பாதத்தைப் பற்றி மட்டும். திறக்கும் பக்கத்தைப் பற்றி இல்லை. தெரிந்ததையெல்லாம் சொல்லியாயிற்று.

15-2, வியாழன்

படுத்தபடி எழுதுகிறேன், எழுத்து கோணல். கால் நேர். கட்டு தொடைவரை. வலி நிறைய.

நேற்று முழுக்க மயக்கம், ஒன்றும் நினைவில்லை. அவர் வந்து நூல் பிடிக்காமலே பார்த்துவிட்டு, "ஃபிட்டிங் சரியாக் கீது" என்றாராம். ஆயா சொன்னாள்.

சின்னவர் எட்டு மணிக்கு வந்தார். முகம் ஒரு மாதிரி. போர்வையை விலக்கி, பெருவிரலை மேலே தூக்குங்க என்றார். விடிந்ததிலிருந்து பதினோரு தடவை தூக்கிப் பார்த்தாயிற்று, எல்லாத் தடவையும் எழும்பியது. அவருக்காகப் பன்னிரண்டாவது.