தூண் கேட்ட விலை

அன்புள்ள டார்லாவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் இங்கே நடமாட்டமாக இருக்கிறோம், அலாஸ்கா குளிரில் நீயும் குழந்தையும் இருமல் சளி இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். கருப்புப் பசு இரட்டைக் கன்று போட்டிருக்கிறது, இரண்டும் கிடேரி. மழை விடாததால் புகையிலை நாற்று இன்னும் நடவில்லை. சர்ச்சில் யாராவது உனக்குப் போன் போட்டுக் கதை கட்டுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், அப்பாவின் ஏலம் விடும் லைசென்ஸை மாநில வாரியம் கோடை முடியும்வரை நிறுத்திவைத்துவிட்டது.

புருஷனை இழந்த ஓப்பல் ஸ்டாம்பரின் பண்ணைச் சாமான்களை அப்பா ஏலம் விட்டார் அல்லவா, அதில் வந்த வினை. டிராக்டருக்கு விலை கேட்க இரண்டே பேர், ஒருவர் சீக்கிரமே விலகிக்கொண்டார், மிச்சம் நின்றது காம்ஸ் வீட்டு டைலன் மட்டும். இவ்வளவு மலிவாகப் போகிறதே என்று அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. கொட்டகைத் தூணைப் பார்த்துத் தலையாட்டி, அங்கே யாரோ கேட்கிற மாதிரி விலையை ஏற்றினார். அவர் வாய் ஓடுகிற வேகத்தில் பையனுக்கு என்ன தெரியும், அவனும் கூடவே ஏறிக்கொண்டு போனான். பக்கத்தில் உட்கார்ந்து விலை குறித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து திட்டினேன். ஓப்பலுக்கு நல்லது நடந்துச்சா இல்லையா, சும்மா இரு என்றார்.

இல்லாத ஆள் பேரில் விலை ஏற்றினால் லைசென்ஸே போகும் என்பது, பரீட்சை எழுதி அதை வாங்கியவருக்குத் தெரியாததா. பின்னால் நின்று பார்த்த எவனோ தீவனக் கடையில் உளற, டைலன் புகார் எழுதிப் போட்டுவிட்டான். விசாரணைக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். அப்பா அசையவில்லை, யாரோ கேட்டார்கள், முகம் ஞாபகமில்லை என்றே சாதித்தார். வாரியத்து அம்மாள் என் பக்கம் திரும்பி, நீங்க பக்கத்துலதான இருந்தீங்க, அங்க ஆள் யாராச்சும் நின்னாங்களா என்று கேட்டார். யாரும் இல்லை, தூண்தான் நின்றது என்றேன். ஓப்பலுக்குச் செய்த உதவியை டைலன் பையிலிருந்து எடுத்துச் செய்தது எனக்குப் பிடிக்கவே இல்லை, அவனும் நேற்றுக் கல்யாணம் ஆனவன். அதிகம் வாங்கியதை அப்பா தன் கைக்காசிலிருந்து அவனுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

 அப்பா இனி என்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவாரா என்று நினைத்துக்கொண்டேதான் திரும்பி வந்தேன். பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில்தான் பேசினார். அந்தம்மா கேட்டப்ப இருந்தாங்கன்னு சொல்லச் சொல்லி உனக்குக் கண்ணக் காட்டினேன் மேக்ஸின், நல்லவேளை நீ பாக்கல, பாத்திருந்தா எனக்காகப் பொய் சொல்லியிருப்ப என்றார். அதன்பிறகு அங்கிருந்த கடைக்குள் போய் எனக்கும் ஒரு காபி வாங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அப்பாவோடு பேசு. விசாரணையைப் பற்றிக் கேட்காதே, கன்றுகளைப் பற்றிக் கேள், நிறுத்தாமல் பேசுவார். குழந்தைக்குக் காதை மூடிக் குல்லாய் போடு. அவர் கண் காட்டியதை நான் பார்த்தேன் டார்லா. அதை அவரிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அம்மா மேக்ஸின்