வெளியே இருக்க வேண்டிய பிரதி

என்னங்க,

ஓடுகிறது! நீங்கள் பதிந்து வைத்த டிவிடி எல்லாமே ஓடுகிறது!

போன வாரம் ஹார்டு டிஸ்க் உயிரை விட்டது. கடைக்காரர் கையை விரித்துவிட்டார். நம் பெண் பிறந்ததிலிருந்து எடுத்த படமெல்லாம் அதில்தான். அப்புறம்தான் பீரோவின் மேல்தட்டில் இருந்த டிவிடிகள் நினைவுக்கு வந்தன. இப்போதைய லேப்டாப்பில் அதைச் செருக வழி ஏது? ஓடிப்போய்த் தனியாக ஒரு டிரைவ் வாங்கி வந்தேன்.

நானும் அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். கிர்ரென்று சுற்றியது. திரையில் அவள் தத்தித் தத்தி நடந்து வருகிறாள். கேமராவுக்குப் பின்னாலிருந்து உங்கள் குரல்: "அம்மா கைய விட்டுட்டு வாடா கண்ணு!" நாங்கள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார்.

"ரெண்டு பிரதியும் ஒரே வீட்டுல இருக்கக் கூடாது" என்று சொல்லி, வீட்டை விட்டுப் போகும்போது இன்னொன்றை எடுத்துப் போனீர்களே, அதையும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டாமா? உங்களிடம் டிரைவ் இல்லையாம், அவள் சொன்னாள். கூரியரில் அனுப்பாதீர்கள், கீறல் விழும். நீங்களே கொண்டு வாருங்கள்.

அவளும் தன் வீட்டுக்கு ஒரு பிரதி கேட்கிறாள். "அப்பா பதிஞ்சு குடுத்தாதான் நம்புவேன்" என்கிறாள். பதிந்து கொடுங்கள். வெளியே இருக்க வேண்டிய பிரதி இனி அவளிடம் இருக்கும். உங்கள் சட்டத்தை மீறியதாகவும் ஆகாது! அப்புறம் உங்களுடையது இங்கேயே இருக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் பெண்ணின் அம்மா